பாதணி: கண்ணுக்கா, காலுக்கா?

‘காலுக்குத் தக்க செருப்பும் கூலிக்குத் தக்க உழைப்பும்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். செருப்புக்குத் தக்க கால் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் இன்று பதுளை பசார் வீதியில் எந்தப் பாதணிக் கடைக்குள் நுழைந்தாலும் நடப்பது அதுதான். முன்பக்கம் கூம்பிய, குதி உயர்ந்த ஒரு சோடியைப் பார்த்து ஆசைப்படுகிறோம். போட்டுப் பார்த்தால் விரல் நெரிகிறது. “போடப் போடச் சரியாகும்” என்கிறார் கடைக்காரர். நாமும் நம்பி வாங்கி வருகிறோம். பெரும்பாலும் சரியாவது செருப்பல்ல. செருப்புக்கு ஏற்றவாறு நம் கால்தான் வளைந்து கொடுக்கிறது.

பெண்களின் பாதணியில் அழகு முதலிடம் பெற வேண்டுமா, வசதி முதலிடம் பெற வேண்டுமா என்பது சின்ன விடயமாகத் தோன்றலாம். பரீட்சையில் வராத கேள்வி. ஆயினும் வாழ்நாள் முழுவதும் நம்மைச் சுமக்கும் உறுப்பைப் பற்றிய கேள்வி. ஸ்பிரிங்வெளி போன்ற மலைப்பிரதேசத்தில் வாழும் நமக்கு இது இன்னும் முக்கியமானது. எனவே தோழியரும் பெற்றோரும் சற்று நின்று சிந்திப்பதற்காக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பாதம் என்னும் பொறி

மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றில் ஒரு பாதத்தில் மட்டும் 26. இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52. அதாவது உடலின் எலும்புகளில் ஏறத்தாழ கால்வாசி கணுக்காலுக்குக் கீழேதான் இருக்கின்றன. இவற்றை மூட்டுகளும் தசைகளும் நாண்களும் பிணைத்து, உள்ளங்காலின் நடுவில் ஒரு வளைவை உண்டாக்குகின்றன. நாம் அடி வைக்கும்போது அந்த வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பாதத்தைத் தூக்கும்போது மீண்டும் எழுந்து நம்மை முன்னே தள்ளுகிறது. வாகனத்துக்கு ‘ஸ்பிரிங்’ எப்படியோ, அப்படித்தான் நமக்குப் பாதவளைவு.

சமதரையில் வெறுங்காலுடன் நிற்கும்போது உடலின் பாரம் குதிக்காலுக்கும் முன்பாதத்துக்கும் பங்கிடப்படுகிறது. குதி உயர்ந்த பாதணியை அணிந்தவுடன் இந்தப் பங்கீடு குழம்புகிறது. பாரம் முன்னோக்கிச் சரிந்து விரல்களின் அடிப்பகுதியில் விழுகிறது. குதி உயர உயர முன்பாதத்தின் சுமையும் கூடுகிறது. முன்பக்கம் கூம்பிய பாதணியாக இருந்தால், சரிந்து வந்த விரல்கள் ஐந்தும் ஒரு முக்கோணத்துக்குள் அடைபடுகின்றன. பல வருடங்கள் இப்படியே போனால் பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து, அதன் அடி மூட்டு வெளியே புடைத்துக்கொள்ளும். சிலருக்குப் பரம்பரையாகவும் இது வருவதுண்டு. இடுக்கமான பாதணி அதை மோசமாக்குகிறது.

கெண்டைக்காலும் தப்புவதில்லை. குதி எப்போதும் உயர்ந்தே இருந்தால் கெண்டைத் தசை நீளும் தேவையின்றிச் சுருங்கிப் பழகிவிடும். 2010ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர், ஆண்டுக்கணக்காகக் குதி உயர்ந்த பாதணி அணிந்த பெண்களின் கெண்டைத் தசையைப் பரிசோதித்தார்கள். அப்பெண்களின் தசைநார்கள் மற்றவர்களுடையதைவிடச் சராசரியாக 13 சதவீதம் குறுகியிருந்தன. குதிக்காலின் பின்னுள்ள நாணும் தடித்து இறுகியிருந்தது. இப்படிப் பழகியவர்களுக்குத் தட்டையான செருப்பைப் போட்டால்தான் கால் வலிக்கும். “எனக்கு ஹீல்ஸ்தான் சுகம்” என்று சிலர் சொல்வது பொய்யல்ல. அந்தச் சுகம் தசை சுருங்கியதால் வந்த சுகம் என்பதே கவலைக்குரியது.

ஆண்களிடமிருந்து வந்த குதி

குதி உயர்ந்த பாதணி பெண்களுக்காகத் தோன்றியதன்று. பாரசீகக் குதிரை வீரர்கள்தான் அதை முதலில் அணிந்தவர்கள் எனப் பாதணி வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். சேணத்தின் வளையத்தில் கால் வழுகாமல் கொழுவி நின்று அம்பெய்ய அந்தக் குதி உதவியது. 17ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பிய அரசவைகளுக்குச் சென்றது. பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்த பாதணிகளுடன் உலாவினார். வயலில் இறங்கி வேலை செய்பவனால் அப்படிப்பட்ட பாதணியை அணிய முடியாது. ‘நான் உழைக்கத் தேவையில்லாதவன்’ என்று ஊருக்குச் சொல்வதே அதன் பெருமையாக இருந்தது. பிறகு ஆண்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். பெண்களுக்கு அது நிலைத்துவிட்டது. ஊசி போன்ற மெல்லிய குதி 1950களில்தான் பரவியது. மரக்குதி அத்தனை மெலிந்தால் முறிந்துவிடும் என்பதால் உள்ளே உலோகத் தண்டு வைக்கப்பட்டது.

காலை அழகுக்குப் பலி கொடுத்ததில் சீனத்தின் பாதக்கட்டு வழக்கம் உச்சமானது. சிறு பாதமே பெண்ணுக்கு அழகு என்று நம்பி, சிறுமிகளின் விரல்களை உள்ளே மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். எலும்பு முறிந்து பாதம் கூனிப்போகும். 1912இல் சீனக் குடியரசு அதைத் தடை செய்தது. அதன் பிறகும் அவ்வழக்கம் சில காலம் மறைவாகத் தொடர்ந்தது. அந்தச் சிறுமிகளைக் கட்டிப்போட்டவர்கள் எதிரிகள் அல்லர். பெற்ற தாய்மார்களும் பாட்டிமார்களுமே. மகளுக்கு நல்ல இடத்தில் திருமணமாக வேண்டும் என்ற அன்பினால் செய்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அன்பும் சில வேளை காலை நெரிக்கும்.

நமது மலைப்பாதையில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஸ்பிரிங்வெளி அதற்கும் மேலே, நமுனுகுல மலைத்தொடரின் பக்கம். இங்கே சமதரை என்பது விளையாட்டு மைதானத்திலும் பள்ளிவாசல் முற்றத்திலும் மட்டுமே காணக்கூடிய ஒன்று. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், அல்லது இறக்கம், அல்லது படிக்கட்டு.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்த்தேன். குதியின் உயரம் 5 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். குதிக்காலிலிருந்து முன்பாதம் வரை ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். அப்படியானால் சமதரையிலேயே பாதம் சுமார் 19 பாகை முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் பாதையின் சாய்வு சுமார் 6 பாகை. அந்தப் பாதையில் ஹீல்ஸுடன் இறங்கினால் இரண்டும் கூடி 25 பாகை. தட்டையான செருப்புடன் இறங்குபவருக்கு வெறும் 6 பாகைதான். கொழும்பின் சமதரையில் நடக்கும் பெண்ணுக்காக வடிவமைத்த பாதணி, நம் ஊர் இறக்கத்தில் அதைவிடச் செங்குத்தாகிவிடுகிறது. விளம்பரப் படத்தில் இருப்பது பளிங்குத் தரை. நாம் நடப்பது பாசி பிடித்த கல்.

இன்னொரு கணக்கும் உண்டு. அமுக்கம் என்பது பாரத்தை அது தாங்கும் பரப்பால் வகுப்பது. 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவி, ஒரு சதுர சென்ரிமீற்றர் முனையுள்ள குதியில் முழுப் பாரத்தையும் ஊன்றும் கணத்தில், அந்தச் சதுர சென்ரிமீற்றரில் 50 கிலோ இறங்குகிறது. நாலாயிரம் கிலோ எடையுள்ள யானைக்கு ஒவ்வொரு பாதமும் ஏறத்தாழ ஆயிரம் சதுர சென்ரிமீற்றர் என்று கொண்டால், நான்கு காலிலும் நிற்கும்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோதான் வரும். மழை பெய்த மண்பாதையில் யானை புதையாமல் போக, நாம் புதைந்து நிற்பதன் இரகசியம் இதுவே. குதி மண்ணில் புதைய, கணுக்கால் பிசக, குடையும் பையும் ஒரு பக்கம் பறக்க விழுந்தவர்களை இவ்வூரில் பார்த்திராதவர் யார்?

வெறுங்காலின் வரலாறு

வசதியைப் பற்றிப் பேசும்போது, நம்மைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் நடந்த கால்களை மறந்துவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியிலேயே இறந்தோர் பலர். கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் வெறுங்கால் மாறவில்லை. கொழுந்துக் கூடை தலையில் தொங்க, ஈர மண்ணில் பெண்கள் வெறுங்காலுடன் மலையேறி இறங்கினார்கள்.

அந்த வெறுங்காலுக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. கொக்கிப்புழுவின் குடம்பிகள், மலம் கலந்த ஈர மண்ணில் இருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்பவை. இரத்தத்தோடு பயணித்து இறுதியில் குடலை அடைந்து, அங்கே ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். சோகை உண்டாகும், கர்ப்பிணிகளுக்கு அது உயிராபத்து. மலசலகூடங்கள் இல்லாத லயங்களில் இந்நோய் மிகுந்திருந்தது. அதனால் 1916ஆம் ஆண்டு முதல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் நடைபெற்றது. மருந்து கொடுத்தார்கள், மலசலகூடம் கட்டச் சொன்னார்கள். காலில் ஏதாவது அணிந்திருந்தால் அந்தப் புழுவுக்கு வாசல் அடைபட்டிருக்கும்.

இன்று பலர் இறப்பர்ச் செருப்புடன் கொழுந்து பறிக்கிறார்கள். ஆனால் மழை நாளில் சரிவில் அந்தச் செருப்பு வழுக்குகிறது; சேற்றில் வார் அறுகிறது. கடைசியில் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வெறுங்காலுடன் ஏறும் அக்காமாரை நான் பார்த்திருக்கிறேன். அட்டை கடிக்கும் என்று தெரிந்தேதான் ஏறுகிறார்கள். பிடிமானமுள்ள, தண்ணீர் வடியக்கூடிய, கட்டுப்படியான விலையில் ஒரு வேலைப் பாதணி அவர்களுக்கு இன்னும் எளிதில் கிட்டவில்லை.

இங்கே ஓர் ஒற்றுமையைக் கவனியுங்கள். தேயிலை மலையில் வெறுங்காலுடன் நிற்கும் பெண்ணையும், நகரத்துக் கடையில் ஹீல்ஸுடன் நிற்கும் பெண்ணையும் ஒன்றுக்கொன்று எதிரானவர்களாகவே நாம் நினைக்கிறோம். ஒருத்திக்குப் பாதணி இல்லை. மற்றவளுக்கு அளவுக்கு மீறிய பாதணி. ஆனால் இருவருடைய காலையும் யாரும் “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கவில்லை. ஒருத்திக்கு வறுமை முடிவு செய்தது. மற்றவளுக்கு ஊரார் கண் முடிவு செய்கிறது.

“கொஞ்சம் உயரமாகத் தெரியட்டும்”

ஊரார் கண் என்றேன். அது மிகவும் கூர்மையாவது கலியாணப் பேச்சின்போதுதான். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், வீட்டுக்குள்ளேயே ஹீல்ஸ் போட்டு நிற்கச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. “பிள்ளை கொஞ்சம் உயரமாகத் தெரியட்டும்” என்பார்கள். எங்கள் குடும்பத்து வலீமா ஒன்றுக்கு நான் தட்டையான செருப்பு அணிந்து சென்றபோது, மாமி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்ன மகள், பாத்ரூம் போற மாதிரி வந்திருக்கிறாய்?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு ஹீல்ஸ் அணிந்த ராத்தாமார் மூவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். மாமியும் அவர்களில் ஒருவர்.

இதை எழுதும்போது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. பனூ இஸ்ராயீலரில் குள்ளமான ஒரு பெண் இருந்தாள். இரண்டு உயரமான பெண்களுடன் நடக்கும்போது மரத்தால் செய்த கால்களைப் பொருத்திக்கொண்டாள். அதனால் அவளை யாராலும் அடையாளம் காண முடியவில்லை என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூ ஸஈத் அல்குத்ரீ (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். குதி உயர்த்தும் ஆசை எவ்வளவு பழையது பாருங்கள்! இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தன்னை மறைத்துத் தீங்கிலிருந்து காத்துக்கொள்வது போன்ற நல்ல நோக்கத்துக்காக ஒருத்தி அப்படிச் செய்தால் குற்றமில்லை என்றும், பெருமைக்காகவோ பிறரை ஏமாற்றவோ செய்தால் கூடாது என்றும் எழுதியுள்ளார்கள். தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பணி. ஒரு மாணவியாக எனக்குள் எழும் கேள்வி இதுதான்: பெண் பார்க்கும் நாளில் மூன்று அங்குலம் கூட்டிக் காட்டினால், திருமணத்துக்கு மறுநாள் அந்த மூன்று அங்குலமும் எங்கே போகும்? இருப்பதை இருப்பதாகக் காட்டித் தொடங்கும் வாழ்க்கையல்லவா நிம்மதியானது!

வேலைத்தளத்தில் ஒரு போராட்டம்

நம்மில் பலர் உயர்தரப் பரீட்சையின் பின் வேலைக்குச் செல்லப் போகிறோம். தரம் 1 முதல் 13 வரை தட்டையான வெள்ளைச் சப்பாத்தும் காலுறையும் அணிந்து வந்தோம். அதனால் நம் மரியாதை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சில இடங்களில் ஹீல்ஸ் கட்டாயம். எங்கள் அயலில் உள்ள ராத்தா ஒருவர் நகரத்துப் புடவைக் கடையொன்றில் வேலை செய்தார். காலை முதல் இரவு வரை ஹீல்ஸுடன் நிற்க வேண்டும். ஆட்கள் இல்லாத நேரத்திலும் உட்கார அனுமதியில்லை. எட்டு மாதத்தில் வேலையை விட்டார். காரணம் கேட்டவர்களிடம் “வீட்டில் வேலை கூட” என்றுதான் சொன்னார். கால் வலித்தது என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்படாமல் பேசிய பெண்கள் உலகில் இருக்கிறார்கள். 2015இல் லண்டனில் வரவேற்பாளர் வேலைக்குச் சென்ற நிக்கோலா தோர்ப் என்ற பெண், ஹீல்ஸ் அணிய மறுத்ததால் முதல் நாளே சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அது விவாதிக்கப்பட்டது. 2017இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், பெண் ஊழியர்களுக்கு ஹீல்ஸைக் கட்டாயமாக்குவதைத் தடை செய்தது. அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் தொழில் திணைக்களமும் அவ்வாறே உத்தரவிட்டது. 2019இல் ஜப்பானில் யூமி இஷிகாவா என்ற நடிகை ‘குடூ’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஜப்பானிய மொழியில் ‘குட்சு’ என்றால் சப்பாத்து. ‘குட்சூ’ என்றால் வலி. இரண்டையும் சேர்த்த பெயர் அது. அடுத்த ஆண்டிலேயே ஜப்பான் எயார்லைன்ஸ் நிறுவனம் தன் பணிப்பெண்கள் குதியில்லாத பாதணி அணியலாம் என்று விதியை மாற்றியது.

நமக்கு நெருக்கமான கேரளத்திலும் தமிழகத்திலும் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. கோழிக்கோட்டில் புடவைக் கடைப் பெண்கள் ‘உட்காரும் உரிமை’ கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரள அரசு அதைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் பின்தொடர்ந்தது. கடையில் வேலை செய்வோருக்கு இருக்கை வைக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். நல்ல செருப்பும் ஒரு நாற்காலியும் பெண்ணின் காலுக்குத் தேவையான இரண்டு சாதாரணப் பொருட்கள். அவற்றைப் பெறுவதற்கே சட்டம் தேவைப்பட்டது.

காலும் ஓர் அமானிதம்

நம் மார்க்கம் செருப்பைக்கூடப் பேசாமல் விட்டதில்லை. செருப்பை அதிகம் அணியுங்கள். செருப்பணிந்தவர் வாகனத்தில் செல்பவரைப் போன்றவர் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. வாகனம் என்பது நம்மைச் சுமப்பது. நாம் சுமந்து திரிய வேண்டிய செருப்பு எப்படி வாகனமாகும்? அணியும்போது வலதை முதலிலும் கழற்றும்போது இடதை முதலிலும் செய்யுமாறும், ஒரு காலில் மட்டும் செருப்புடன் நடக்க வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். இரு காலும் சமமாக நடக்கட்டும் என்ற கரிசனையை அதில் நான் காண்கிறேன்.

அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் பச்சிளம் குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஸபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு தடவை ஓடினார்கள். ஹஜ், உம்ரா செய்யும் ஒவ்வொருவரும் அந்தத் தூரத்தை நடக்கிறார்கள். அது மொத்தம் சுமார் மூன்று கிலோமீற்றர். ஒரு தாயின் கால்கள் ஓடியதை உலகம் உள்ளவரை நினைவுகூரும் வணக்கம் அது. பெண்ணின் கால் பார்ப்பதற்கு மட்டும் படைக்கப்பட்டதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வுழுவும் நம் காலுக்கு ஒரு காவல். ஒவ்வொரு வுழுவிலும் பாதத்தைக் கணுக்கால் வரை கழுவுகிறோம். விரல் இடுக்குகளையும் கோதிக் கழுவுகிறோம். அப்போது ஒரு கணம் உற்றுப் பாருங்கள். சிவந்த இடம், கொப்புளம், வெடிப்பு, புதிய காய்ப்பு எல்லாம் அன்றன்றே தெரிந்துவிடும். குறிப்பாகச் சீனி வருத்தம் உள்ள உம்மா, வாப்பா, உம்மம்மாவின் கால்களை வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்க்க வேண்டும். நீரிழிவு நோயாளருக்குக் காலில் உணர்வு குறைவதால் செருப்பு வெட்டிய காயம் வலிக்காது. வலிக்காத காயம் ஆறாமல் அழுகி, காலையே அகற்றும் நிலைக்குக் கொண்டுபோகலாம். அவர்களுக்குச் சரியான பாதணி அலங்காரமோ ஆடம்பரமோ அல்ல, மருந்து.

வாங்கப் போகும்போது

வசதியான பாதணி என்றவுடன் ‘பாட்டா’தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1894இல் இன்றைய செக் குடியரசின் ஸ்லின் நகரில் தொமாஸ் பாட்டா தொடங்கிய நிறுவனத்தின் பெயர், நம் நாட்டில் இறப்பர்ச் செருப்புக்கே பெயராகிவிட்டது. வீட்டுக்கும் முற்றத்துக்கும் அது நல்லது. ஆனால் தேய்ந்து மெலிந்த தட்டைச் செருப்புடன் நாள் முழுவதும் நடந்தால் குதிக்கால் வலி வரும். விரலால் பற்றிப் பற்றி நடப்பதால் பாதமும் களைக்கும். அதிக உயரமும் வேண்டாம், வெறும் தகடும் வேண்டாம். ஒரு அங்குலத்துக்கு உட்பட்ட அகலமான குதி பெரும்பாலோருக்குப் பொருந்தும். கடையில் கவனிக்க வேண்டியவை இவை:

1. மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளவாக இருந்த செருப்பு மாலையில் இறுக்கும்.

2. இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 6ஆம் இலக்கம் இன்னொன்றின் 5ஆக இருக்கலாம். இரண்டு காலிலும் போட்டு, பெரிய காலுக்கு ஏற்றதை எடுங்கள்.

3. வெறுங்காலுடன் ஒரு தாளில் நின்று, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். அதன்மேல் சப்பாத்தை வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால் அது உங்கள் காலுக்குரியது அல்ல.

4. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரலின் அகலமாவது இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் நடக்கும் நமக்கு இது மிக அவசியம்.

5. கையால் மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் பாதவளைவுக்குத் தாங்கல் இல்லை.

6. அடியைத் திருப்பிப் பாருங்கள். ஆழமான கோடுகள் வெட்டப்பட்ட இறப்பர் அடி மழையில் பிடிக்கும். வழவழப்பான அடி மண்டபத்துக்கு அழகு, மலைக்கு ஆபத்து.

7. பின்வார் இருந்தால் கால் விலகாது. கழற்றி மாட்ட இலகுவான வாராக இருந்தால் வுழுச் செய்வதற்கும் சிரமம் இல்லை.

8. கடைக்குள் பத்து அடியாவது நடந்து பாருங்கள். அங்கேயே நெரித்தால் அங்கேயே விட்டு வாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வளரும் பிள்ளை என்று இரண்டு இலக்கம் பெரிதாக வாங்குவதும், “இந்தத் தவணை முடியும்வரை சமாளி” என்று சிறிதானதையே போடச் சொல்வதும் வீட்டு வருமானத்தைப் பொறுத்தது என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் விழாவுக்கு மட்டும் போடும் ஒரு சோடி ஹீல்ஸின் விலையையும் தினமும் போடும் சப்பாத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வருடத்தில் நான்கு நாள் அணிவதற்குக் கூடுதலாகவும், இருநூறு நாள் அணிவதற்குக் குறைவாகவும் செலவழிக்கும் வீடுகள் எத்தனை!

அழகு கூடாது என்று நான் சொல்லவில்லை. அழகை நேசிப்பதும் அல்லாஹ் தந்த இயல்பே. பெருநாளன்று பளபளக்கும் வார்ச் செருப்பைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரும். விரும்பி அணிபவர் சில மணி நேரம் ஹீல்ஸ் அணிவதால் கால் அழிந்துவிடாது. ஆனால் ‘அணியாவிட்டால் என்ன நினைப்பார்கள்’ என்ற பயத்தில் அணிவது விருப்பமல்ல. செருப்புக்காகக் காலை வெட்டலாமா என்று கேட்பார்கள். வெட்டத் தேவையில்லை, இருபது வருடம் நெரித்தாலே போதும்.

தோழியரே, இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் இந்தக் கல்லூரி வாசலைக் கடந்து பல்கலைக்கழகத்துக்கும் வேலைத்தளத்துக்கும் புகுந்த வீட்டுக்கும் நடக்கப் போகிறோம். தூரம் அதிகம், பாதையும் நம் ஊர்ப் பாதை போல ஏற்ற இறக்கம் நிறைந்தது. உங்கள் தங்கை தட்டைச் செருப்புடன் விழாவுக்கு வந்தால் சிரிக்காதீர்கள். உங்களிடம் வேலை செய்யும் பெண் ஒருநாள் வந்தால் அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். உங்களைப் பெண் பார்க்க வருபவர்கள் முன் உங்கள் சொந்த உயரத்தில் நில்லுங்கள்.